நாலு விண்டர் டயரும் ஒரு மேலாளரும்

இன்று கோலியர்ஸ் வுட்டில் ஒரு டயர் கடைக்குப் போய், காருக்குப் பனியில் வழுக்காத விண்டர் டயர் விசாரித்தேன்.

போன வருடப் பனியில் ஸ்ட்ரெதம் ஏற்றத்தில் கார் வழுக்கியது. வேலைக்குப் போகாமல் திரும்பிவிட்டேன். அலுவலகத்துக்கு அடுத்த தெருவிலிருந்து நடந்து வந்த மேலாளர், "மனமிருந்தவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்" என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். அதை இன்னும் நான் அழிக்கவில்லை.

கடைக்காரர் சிரித்தார். "ரெண்டு நாள் பனிக்கு நாலு டயரோ அண்ணை? முன்னாலை போறவன் வழுக்கிக் குறுக்கை நிண்டால், அவனுக்கு மேலாலை பறப்பியளோ?"

வெளியே போனேன். அந்த மின்னஞ்சல் நினைவுக்கு வர, திரும்பவும் உள்ளே வந்தேன்.

"அப்ப ஓர்டர் போடட்டோ?"

"கொஞ்சம் பொறும் தம்பி."

இன்னும் முடிவெடுக்கவில்லை. உண்மையில் எனக்கு டயரே வேண்டாம். அந்த மேலாளரின் தெருவில் மட்டும் இடுப்பளவு பனி கொட்டினால் போதும். அதற்கு எந்தக் கடையில் ஓர்டர் கொடுப்பது?