காத்தோட்டிக்காயும் மழைத் தெய்வமும்

என் எழுத்து கோணல். படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும்; இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடியில் எட்மண்டனில் மழையே இல்லை. பார்க்கில் புல் மஞ்சளாய்க் காய்ந்து கிடந்தது. மகன் தமிழ்க் கடையிலிருந்து கொண்டுவந்த பைக்குள் காத்தோட்டிக்காய் இருந்தது. தகப்பன் இறந்தவர்கள் ஆடி அமாவாசை விரதத்துக்குச் சமைக்கிற கசப்புக் காய் அது. எங்கள் வீட்டில் ஒருநாளும் சமைத்ததில்லை. என் கணவர் ஊரில் சண்டை நடந்த காலத்தில் சைக்கிளில் போனவர், திரும்பவில்லை. செத்ததைக் கண்டவர் யாரும் இல்லை. அதனால் நான் இன்னும் பொட்டு வைக்கிறேன்.

"அம்மா, இந்த முறை அப்பாவுக்குச் செய்யப்போறன். எவ்வளவு காலம் ஒண்டும் செய்யாமல் இருக்கிறது?" என்றான் மகன்.

காயைப் பிரிட்ஜுக்குள் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். கிரியை செய்துவிட்டால், அவர் வருகிற வழியை நாங்களே அடைத்தது போல ஆகிவிடாதா?

வீட்டில் இருக்க முடியாமல் கீழ்வீட்டுச் சிரியாப் பெண்ணிடம் போனேன். இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ், மீதி கைப்பாஷை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் ஒரு கதை சொன்னார். தன் ஊருக்குப் பக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த களிமண் பலகைகளில் எழுதியிருக்கிறதாம். அங்கே அந்தக் காலத்தில் கும்பிட்ட மழைத் தெய்வம் பாகால். சாவு என்கிற தெய்வம் அவரை விழுங்கிவிட்டது. தேவர்களின் தகப்பனான ஏல், ஆசனத்தை விட்டிறங்கி நிலத்தில் குந்தியிருந்து, தலையில் புழுதி போட்டு அழுதார். பாகாலின் தங்கை அனாத் அவருடைய உடலைத் தேடி எடுத்து, மலையில் புதைத்து, பலியும் கொடுத்தாள். பிறகு சாவையே பிடித்து வெட்டி, புடைத்து, அரைத்து வயலில் எறிந்தாள். ஏலின் கனவில் வானம் எண்ணெய் பொழிந்தது, ஆற்றில் தேன் ஓடியது. பாகால் திரும்பி வந்துவிட்டார்.

"புதைச்ச பிறகுமோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவருக்கு விளங்கியது போல. ஓம் என்று தலையாட்டினார்.

அமாவாசையன்று காயைச் சமைத்தேன். மகனிடம், "நீ செய். அவர் வாறதெண்டா வரட்டும். பொட்டை மட்டும் அழிக்கச் சொல்லாதை" என்றேன்.

"ஆர் சொன்னது அழிக்கச் சொல்லி? ஐயர் கேட்டா நான் கதைக்கிறன். நீங்கள் காரில ஏறுங்கோ."

கோயிலில் எனக்குக் கால் தரிக்கவில்லை. மகன் எள்ளும் தண்ணீரும் விடும்போதும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைத் தேற்றுவதற்காக அந்தப் பெண் முடிவை மாற்றிச் சொன்னாரோ தெரியாது. படித்தவர்கள் யாராவது அந்தப் பலகைகளைப் பார்த்து, பாகால் வந்தது புதைத்த பிறகுதானா என்று எனக்குச் சொல்லுங்கள்.