ஆயுத பூஜைக்குக் குளித்த பேட்டரி கார்

எங்கள் ஜீவனஹள்ளி வீட்டுக்குள் மழைத் தண்ணீர் புகுந்து அரிசி டிரம் மிதந்ததே, அதற்கு அடுத்த மாதம்தான் என் மகன் அந்தப் பேட்டரி காரை வாங்கி வந்தான். இரண்டே கதவு. பின் சீட்டுக்குப் போக என் மனைவி மடங்கித்தான் ஏற வேண்டும்.

"காரா இது? டிபன் பாக்ஸு" என்பாள்.

வாரத்துக்கு ஒருமுறை நின்றுவிடும். மெக்கானிக் வந்தால் பானட்டைத் திறக்க மாட்டார், லேப்டாப்பைத் திறப்பார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், தங்க வயல் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது மிஷின் கழுவின பழக்கத்தில், சீட்டைத் தூக்கி அடியில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். பேட்டரி அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் காருக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். கார் அசையவே இல்லை.

மெக்கானிக் கேட்டார்: "யாரு சார் உள்ள தண்ணி ஊத்துனது?"

மகன் எகிறினான். "எங்க வீட்ல அப்படி யாரும் இல்ல. வண்டியே டப்பா. கம்பெனிக்கு எழுதுறேன்."

"ஏங்க, அந்த ரெண்டு பக்கெட்ட எங்க வச்சீங்க?" என்றாள் மனைவி. நான் சூடம் தேடப் போய்விட்டேன்.

அவன் இன்னும் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் அவனைப் பார்த்தால், ஊற்றியது அப்பாதான் என்று சொல்லிவிடுங்கள். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.