பனியில்லாத ஊரில் நாய்வண்டி

பனியில் வண்டி இழுக்கும் நாய்களை வளர்ப்பதற்கு டென்மார்க்கைப் போல மோசமான நாடு கிடையாது. இங்கே வானத்திலிருந்து விழுவது பெரும்பாலும் மழைதான். வராத ஒன்றுக்காகத் தினமும் ஆயத்தமாயிருப்பவர்களுக்கு என் பாடு விளங்கும். ஸ்கீவ நகருக்கு வெளியே ஒரு துண்டுக் காணி, கொஞ்சம் கோழிகள், கீரைப் பாத்தி, ஆறு ஹஸ்கி நாய்கள், நான். பனியில்லாத நாட்களில் நாய்களைச் சில்லு வைத்த வண்டியில் பூட்டி, காசுக்கு ஆட்களைக் காட்டுப் பாதையில் ஏற்றிப் போவேன்.

இரண்டு இடம்

வயதான டேனிஷ்காரர் ஒருவர் இரண்டு பேருக்கு இடம் கேட்டுவிட்டுத் தனியே வந்தார். மனைவிக்காகக் காத்திருக்கட்டுமா என்று கேட்டேன். போன மாரிக் குளிரில் தவறிவிட்டா என்றார். ஏறி, பக்கத்து இருக்கையில் தன் தொப்பியை வைத்தார். இறங்கியபின் நாய்களை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டுச் சொன்னார்: "அடுத்த கிழமையும் ரெண்டு இடம் வையுங்கோ."

முட்டைக்கு வந்தவ

முன்பு இக்காஸ்ட் ஊரில் என்னோடு தொழிற்சாலையில் வேலைசெய்த ராணியக்கா முட்டை வாங்க வந்தா. நாய்களுக்குப் பயந்து காரை விட்டு இறங்கவேயில்லை. கண்ணாடியைக் கொஞ்சமாய் இறக்கி, "தனிய இருக்கப் பயமில்லையோ பிள்ளை?" என்றா.

"ஆறு நாய் நிக்குது, என்ன பயம் அக்கா?"

முட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தா. "அது கள்ளனுக்குச் சரி. கதைக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?"

பனி விழுந்த காலை

என் கணவருக்குப் பிராண்டே ஊரில் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை. நான் இந்தக் காணிக்கு வந்தபோது, "நீர் போம், நான் பிறகு வாறன்" என்றவர். சில வருடங்கள் போய்விட்டன.

இந்த மாரியில் ஒருநாள் உண்மையாகவே பனி கொட்டியது. போன் எடுத்து, "ஒருக்கா வந்து ஏறிப் பாருங்கோ" என்றேன். வந்தார். கம்பளி போர்த்தி வண்டியில் இருத்தினேன். நாய்கள் ஒரே இழுவையில் பாய, மனுசன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டுக் கனகாலம்.

திரும்பிவந்து சோறும் தோட்டத்து லீக்ஸ் கறியும் சாப்பிட்டார். அதற்குள் கூரைப் பனி உருகிச் சொட்டத் தொடங்கியிருந்தது. அறையில் நான் விரித்திருந்த புது விரிப்பை எட்டிப் பார்த்தார். பிறகு காலில் சப்பாத்தைப் போட்டார். "நல்லாத்தான் இருந்தது. இருட்டமுதல் வீட்டை போகோணும்."

ஓடுகிற ஆறு நாய்களை ஒரு சத்தத்தில் மறிக்கிற எனக்கு, அந்த மனுசனிடம் "இண்டைக்கு நில்லுங்கோ" என்று சொல்ல மட்டும் இன்னும் வாய் வரவில்லை.