பாலத்துக்கு அந்தப் பக்கம்

என் கணவரிடம் வழி கேட்டு யாருக்கும் பிரயோஜனம் இருந்ததில்லை. மங்கரேயில் விமானச் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் அவருக்கு வேலை. அதற்கு முன்னால் இதே ஆக்லாந்தில் கூரியர் வேன் ஓட்டியவர். எந்தச் சந்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு போவார். ஆனால் கிளென் ஈடன் ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆள் நின்று லைப்ரரி எந்தப் பக்கம் என்று கேட்டால், லைப்ரரி எதிரிலேயே தெரிந்தாலும், "தெரியாது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். நான்தான் அசடு வழியக் கையை நீட்டிக் காட்டுவேன். சிலர் காசில் கஞ்சம், இவர் பேச்சில் கஞ்சம் என்று இருபத்திரண்டு வருஷம் நினைத்திருந்தேன்.

அவர் யாழ்ப்பாணம். நான் ஈரோட்டுக்காரி. ஹென்டர்சனில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எண்ணி லேபிள் ஒட்டுகிறேன். ஒருவர் எடுத்து வைத்ததை இன்னொருவர் சந்தேகப்பட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த விதியை நான் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டேன் என்பார் அவர். சும்மா சொல்லவில்லை. அவர் சட்டைப் பையில் கிடக்கும் ரசீதைக்கூட நான் படிக்காமல் துவைக்கப் போட்டதில்லை.

அவருக்குச் சர்க்கரை ஏறியபோது டாக்டர் நடக்கச் சொன்னார். இவர் சைக்கிள் வாங்கினார். ஞாயிறு தோறும் மோட்டார்வே ஓரத்துச் சைக்கிள் பாதையில் நகரம் வரை போய்த் திரும்புவார். மூன்று வருஷத்தில் சர்க்கரை இறங்கியது. மனுஷன் சிரிக்கவும் ஆரம்பித்தார். அப்போதுதான் பாரிஸில் அவருடைய பெரியம்மா மகன் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. டிக்கெட் போட்ட அன்றைக்கே சொன்னார்:

"கல்யாணம் முடிய நான் ஒரு ஆத்தங்கரையால அஞ்சு நாள் சைக்கிள் ஓடப் போறன். நீர் வராட்டியும் பரவாயில்லை. மச்சாளோட பாரிஸைச் சுத்திப் பாரும்."

வராட்டியும் பரவாயில்லையாம். எந்தப் பெண்டாட்டிக்கு இதைக் கேட்டுச் சோறு இறங்கும்? "நானும் வரேங்க" என்றேன். அவர் முகம் சுருங்கியது. அதை நான் பார்த்தேன், மனசில் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

பாரிஸிலிருந்து ரயிலில் தெற்கே நாலரை மணி நேரம். அந்த ஆற்றின் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. நல்ல ஆறு. இரண்டு கரையிலும் வால்நட் மரமும் மக்காச்சோளமும். அவருக்குச் சாதாரண சைக்கிள், எனக்கு பேட்டரி சைக்கிள், வாடகைக்கு எடுத்தோம். இரண்டு பக்கமும் பை தொங்க, ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர். அழகான இடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் ரோட்டோரத்தில் ஒரு கல் நிற்கும். இரண்டாம் உலகப் போரில் அந்த இடத்தில் ஜெர்மன்காரர்கள் சுட்டவர்களின் பெயர்கள். ஒரு கல்லில் ஐந்து பேர், எல்லாம் ஒரே குடும்பப் பெயர். நான் போட்டோ எடுப்பேன். அவர் இறங்கவே மாட்டார். கல்லைத் தாண்டியதும் இன்னும் வேகமாக மிதிப்பார்.

முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, குளித்துவிட்டு, "இஞ்சேரும், நான் ஒருக்காப் போட்டு வாறன்" என்று மறுபடி சைக்கிளை எடுத்தார். நாள் முழுக்க மிதித்த மனுஷன். எங்கே என்று கேட்டேன். "சும்மா." ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். இரண்டாம் நாளும் அதே ஆறு மணி, அதே சும்மா. செல்போனையும் கையோடு கொண்டுபோனார். எனக்குப் புரிந்துவிட்டது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கல்யாண வீட்டில், தலைக்குச் சாயம் பூசி வயதே தெரியாத ஒரு அம்மாள் இவரைப் பார்த்ததும் கண் கலங்கி, "எத்தினை வருசம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாரிஸிலிருந்து நாலரை மணி நேரம் அவளுக்கும் ஒரு தூரமா? கேட்டால் பொய் சொல்வார், கேட்காமல் பிடிக்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் தங்கிய வீட்டுக்காரி எழுபது வயதுக்காரி, கொஞ்சம் இங்கிலீஷ் பேசினாள். பாஸ்போர்ட்டை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தாள். ரொட்டி எங்கே வாங்கலாம் என்று கேட்டதற்கு, "மேலே இருக்கும் கடையில் வாங்குங்கள், கீழே வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். போர்க்காலத்தில் கீழ்க்கடைக்காரரின் தாத்தா யாரையோ காட்டிக் கொடுத்தாராம். எண்பது வருஷம் ஆகியும் அவள் குடும்பம் அந்தக் கடைப் படியை மிதித்ததில்லையாம். நிஜமாகவே அவர்தான் காட்டிக் கொடுத்தாரா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள்.

இதை நான் உள்ளே வந்து சொன்னதும் இவர், "எங்கட ஊரிலயும் இப்பிடிக் கடை இருக்கு" என்றார். அன்றைக்கு எந்தக் கடையிலும் ரொட்டி வாங்க விடவில்லை, கையில் இருந்த பிஸ்கட்டைத் தின்றோம்.

ஆறு மணிக்குக் கிளம்பினார். ஐந்து நிமிஷம் விட்டு நானும் கிளம்பினேன். பேட்டரி சைக்கிளில் மூச்சு வாங்காது, அது ஒரு வசதி. ஒரு வளைவு பின்னாலேயே போனேன். அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். இரண்டு தடவையும் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஐம்பத்து மூன்று வயதில் புருஷனுக்குப் பின்னால் திருட்டுத்தனமாகச் சைக்கிள் ஓட்டுகிற லட்சணத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஊர் எல்லையில் ஒரு கல்பாலம். அங்கே இறங்கி நின்றார். அவள் வருவாள் என்று நானும் நின்றேன். யாரும் வரவில்லை. அவர் பாலத்துக்கு அடியில் எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு ஏறிப் பாலத்தைத் தாண்டிப் போனார். அந்தப் பக்கம் ரோடு நேராக, மறைவே இல்லாமல் கிடந்தது. போனால் மாட்டிக்கொள்வேன் என்று பாலத்திலிருந்தே திரும்பிவிட்டேன்.

அவர் வந்தபோது எட்டு மணி. வேறு வழியாக, மலைப்பக்கம் சுற்றி வந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உள்ளே வந்து கதவைப் பூட்டினார், ஜன்னல் பலகையையும் இழுத்துச் சாத்தினார்.

"என்னங்க ஆச்சு?"

"ஆரோ எனக்குப் பின்னால வந்தவை."

நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவர் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

இருபது வயதில், சண்டை நேரம், ஊரில் ஒரு சந்தியில் இவர் சைக்கிளோடு நின்றிருக்கிறார். எதிரே ஒரு குடும்பம். தகப்பன் சைக்கிள் ஓட்ட, பாரில் பிள்ளை, பின்னால் தாய், மடியில் ஒரு பெட்டி. அங்கே அப்போது எதிரில் வருகிறவரை நிறுத்திப் பாதை எப்படி என்று கேட்பதுதான் வழக்கமாம். வேறு எதை நம்புவது? கேட்டிருக்கிறார்கள்.

"'தம்பி, அங்கால பிரச்சினை ஒண்டும் இல்லையோ' எண்டு கேட்டவை. 'இல்லை அண்ணை, பயமில்லாமல் போங்கோ' எண்டு சொன்னனான். நான் அந்தப் பாதையால வரேல்ல. வயலுக்குள்ளால வந்தனான். அவசரம். ஏதோ எல்லாம் தெரிஞ்சவன் மாதிரிச் சொல்லிப்போட்டன்."

"அப்புறம்?"

"கால் மணித்தியாலத்தில அந்தப் பக்கம் வெடிச் சத்தம். அவை போனதைக் கண்டனான். திரும்பி வந்ததைக் காணேல்ல. ஆரெண்டும் தெரியாது, ஆரிட்டயும் கேக்கவும் இல்லை."

அன்றையிலிருந்து யாருக்கும் வழி சொல்வதில்லை. தான் போய்ப் பார்க்காத ரோட்டில் தன் ஆட்களை விடுவதும் இல்லை. தினமும் ஆறு மணிக்குப் போய்க்கொண்டிருந்தது, அடுத்த நாள் நாங்கள் போக வேண்டிய பாதையை முடிந்த தூரம் வரை பார்க்கத்தான். செல்போன் படம் எடுக்க. எனக்குக் காட்டினார்: பாலம், வளைவு, மறுபடி பாலம்.

"தனிய வந்தா, பாதையை முன்னுக்கே போய்ப் பாக்காமல் ஓடிப் பழகலாம் எண்டு நினைச்சனான். எனக்குத்தானே ஏதும் நடக்கும். நீரும் வந்திட்டீர்."

பின்னால் வந்தது நான்தான் என்று அப்போதும் சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். அவர் அந்தப் படங்களைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, உங்களை இன்னொருத்தியோடு பிடிக்க வந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? மறுநாள் டாக்சி பிடித்து ஸ்டேஷன், அங்கிருந்து பாரிஸ். இரண்டு நாள் பாக்கி வைத்துவிட்டுத் திரும்பினோம்.

ஆக்லாந்து வந்த பிறகு சைக்கிள் கராஜில் கொக்கியிலேயே தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் டிவி. காரில் வீட்டுக்குத் திரும்பும்போது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வருவார். பின்னால் ஏதாவது கார் இரண்டு திருப்பம் சேர்ந்து வந்தால், எங்கள் தெருவுக்குள் திரும்பாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வருவார். சிரிப்பு நின்றது. சர்க்கரை பழைய இடத்துக்கே ஏறியது. நடக்கவாவது செய்யுங்கள் என்று டாக்டர் திட்டினார். என்ன காரணம் என்று டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக மெள்ள மெள்ள வெளியே வந்துகொண்டிருந்த மனுஷனை ஒரே சாயங்காலத்தில் நான் உள்ளே தள்ளிவிட்டேன்.

நாலு மாசம் பொறுத்தேன். ஒரு ஞாயிறு காலை கராஜில் வாஷிங் மெஷினிலிருந்து துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் எதற்கோ ஸ்குரூடிரைவர் தேடி வந்தார். துணியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு உங்க பின்னாடி வந்தது நான்தாங்க."

முதலில் அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன்.

"ஏன்?"

"சந்தேகம். வேற யாரையோ பார்க்கப் போறீங்கன்னு நினைச்சேன்."

"ஆரை?"

கல்யாண வீட்டு அம்மாளைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "அது என்ர பள்ளிக்கூட டீச்சரப்பா. எழுபத்தஞ்சு வயசு" என்றார். கோபம் வந்தது, நியாயமான கோபம். கராஜுக்குள் இரண்டு நடை நடந்தார், ஒரு பெயிண்ட் டப்பாவை உதைத்தார். நான் அழுதேன். பிறகு வேறு குரலில் கேட்டார்.

"அப்ப, மரத்துக்குப் பின்னால ஒதுங்கினது?"

"நான்."

"பாலத்துக்கு இஞ்சால நிண்டது?"

"நான்தாங்க."

அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். "பாலம் தாண்டி, சோளத்துக்குள்ளால வந்ததும் நீரோ? பழைய மில்லடியில நான் இறங்க, அந்தச் சத்தமும் நிண்டது. நான் ஏற, அதுவும் வெளிக்கிட்டது. மலை ஏறும் வரைக்கும் விடேல்ல. அதும் நீரோ?"

பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. அங்கே மில் இருந்ததே எனக்குத் தெரியாது. தப்பான லேபிள் ஒட்டி ஒரு மாத்திரை டப்பாகூட என் கையைத் தாண்டிப் போனதில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க" என்றேன். "அதுவும் நான்தான்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "விசர் மனுசி" என்றார், ஆனால் குரலில் கோபம் இல்லை. பிறகு கொக்கியிலிருந்து சைக்கிளை இறக்கி, டயரை அமுக்கிப் பார்த்து, பம்பை எடுத்துக் காற்று அடித்தார். ஹெல்மெட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கினார், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஈரத் துணியோடு நான் வாசலுக்கு ஓடினேன். அவர் முனை திரும்பும் வரை, அவருக்குப் பின்னால் ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.