பெண் பார்க்கப் போன காரும் இரண்டு புது டயர்களும்

எழுபத்தெட்டாம் வருடம், நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்குத் தாப்பாவிலிருந்து கிளம்புவதாகப் பேச்சு. ஒன்பது மணி வரை டயர் கடை வாசலிலேயே நின்றோம்.

கேமரன் மலைக்கு நாங்கள் புறப்பட்டது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என்னோடு அலுவலகத்தில் வேலை பார்க்கும் செல்வராஜுவுக்குப் பெண் பார்க்க. அப்பா இல்லாத பையன். அவன் அம்மாவுக்கு மலைப்பாதையின் வளைவுகள் என்றாலே பயம், வரவில்லை. அதனால் அவன் பெரியப்பா தலைமையில் நாங்கள் மூன்று பேர். வண்டி செல்வராஜு அந்த மாதம்தான் வாங்கிய பழைய மோரிஸ் மைனர். அதன் நான்கு டயர்களும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. தாப்பாவில் அதைப் ‘போத்தாக்’ என்பார்கள், மலாயில் மொட்டை. டயர் ஒன்று நாற்பது வெள்ளி. இரண்டுக்குத்தான் அவனிடம் வழி இருந்தது.

அந்த இரண்டையும் எங்கே மாட்டுவது என்று கடைக்காரச் சீனர் கேட்டார். பெரியப்பா யோசிக்கவே இல்லை, முன்னால்தான் என்றார். வண்டியைத் திருப்புவது முன் சக்கரம்தானே என்று காரணமும் சொன்னார். பிறகு என் காதோரம் வந்து, பெண் வீட்டு வாசலில் போய் நிற்கும்போது முதலில் கண்ணில் படுவதும் அதுதான் என்றார். இரண்டாவது காரணம்தான் முதல் காரணம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தாப்பாவிலிருந்து ரிங்லெட் இருபத்தெட்டு மைல். அதில் நேரான சாலை எத்தனை அடி இருக்கும் என்று என் வயிற்றைக் கேட்டால் சொல்லும். கிளம்புமுன் ஆசையாக மூன்று ரொட்டி சானாய் தின்றிருந்தேன். லாத்தா இஸ்கந்தர் அருவிக்கு எதிரே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நான் என்ன செய்தேன் என்பதை எழுத வேண்டாம். அருவி மிக அழகாக இருந்தது, குளிர்ந்த நீரில் முகம் கழுவியதும் உயிர் வந்தது.

பெரியப்பா சாலையோரக் கடையில் பெத்தாய்க்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது செல்வராஜு என்னிடம் மனம் திறந்தான். போன வருடம் அவனுக்கு ஒரு பெண் பேசி முடித்தார்கள். பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நிச்சயத்துக்கு முந்தைய வாரம்தான் அந்தப் பெண் அழுதுகொண்டே மாட்டேன் என்றாள். ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது.

“இந்தத் தடவை அந்தப் பொண்ணு வாயால சொல்லணும்ணே,” என்றான். “அவ சொல்லாம நான் வீட்டுக்குப் போகமாட்டேன்.”

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் பெண்ணிடம் பேசுவது எங்கே நடக்கும்?

பதினொன்றரைக்கு ரிங்லெட். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஒரு கடையில் ஆளுக்கொரு தே ஓ, பால் சேர்க்காதது, இருபது காசு. தாப்பாவில் விசிறிக்கொண்டு குடிக்கிற தேநீர் இங்கே கைக்கு இதமாக இருந்தது. அங்கிருந்து தோட்டத்துக்குப் பிரியும் பாதை ஒரு லோரி போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் தேயிலை, மேலே பார்த்தாலும் தேயிலை, கீழே பார்த்தால் பார்க்காமல் இருப்பதே நல்லது. ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியாக வெளியே போகப் பார்த்தது. செல்வராஜு எப்படியோ நேராக்கினான். பெரியப்பா முருகனைக் கூப்பிட்டார். நான் ரொட்டி சானாய் வயிற்றில் இல்லாததற்கு நன்றி சொன்னேன்.

பெண்ணின் அப்பா முனியாண்டி, தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுபவர். குடையோடு லயத்து வாசலுக்கு வந்து கைகூப்பினார். அடுத்த நிமிடம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின் சக்கரத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

சம்பிரதாயம் சீக்கிரமே முடிந்தது. கமலா தட்டோடு வந்தாள், கேசரி கொடுத்தாள், ஒரு பார்வை பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அவள் தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பிரிக்கிறவள். பெரியப்பாவுக்குத் திருப்தி, முனியாண்டிக்கும் திருப்தி. செல்வராஜு தொண்டையைச் செருமிக்கொண்டு, பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசலாமா என்றான். பெரியப்பா அவன் தொடையைக் கிள்ளினார். தன் மகள் தன் பேச்சைத் தட்டமாட்டாள் என்றார் முனியாண்டி. அதைக் கேட்டு அவன் முகம் செத்துவிட்டது.

கிளம்பும்போதுதான் முனியாண்டி டயரைப் பற்றி வாயைத் திறந்தார். மழையில் இறக்கம், பின்னால் போத்தாக் டயரோடு அனுப்ப மனம் வரவில்லை, புதுசைப் பின்னால் மாற்றிக்கொண்டு போங்கள் என்றார். பெரியப்பா விடுவாரா? முன் டயர் சறுக்கினால் வண்டி பள்ளத்துக்கு நேராகப் போகும் என்றார். பின் டயர் சறுக்கினால் வண்டி சுற்றிக்கொண்டு போகும் என்றார் முனியாண்டி. எப்படியும் பள்ளத்துக்குத்தானே என்று எனக்குத் தோன்றியது. இருவரும் கேசரித் தட்டைச் சாலையாகவும் தம்ளரை லோரியாகவும் வைத்து வழக்காடத் தொடங்கிவிட்டார்கள். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே முனியாண்டி குரல் கொடுத்தார்.

“தம்பி, நீங்க மாத்துங்க லா. கமலா, தம்பி நனையுது பாரு, குடையப் புடி.”

இருவருக்கும் பேச வழி விட்டுவிட்டது அவருக்கே தெரியவில்லை. செல்வராஜு ஜெக்கை எடுக்க ஓடின ஓட்டத்தை நான் அலுவலகத்தில் ஒருநாளும் கண்டதில்லை. சக்கரங்களுக்குக் கல் வைக்கிற வேலை எனக்கு. அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

முதல் சக்கரம் கழன்றது. பிறகு அவள்தான், தாப்பாவில் ரொம்பச் சூடா என்று கேட்டாள். சூடுதான் என்று ஒப்புக்கொண்டான். அங்கே வேலைக்குப் போகலாமா, சும்மா உட்காரணுமா என்றாள். அவள் இஷ்டம் என்றான். அவன் அம்மா ஏன் வரவில்லை என்றாள், வளைவு பயத்தைச் சொன்னான். அவள் சிரித்தாள். அப்புறம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவன் கேட்டே விட்டான்.

“உங்க அப்பா சொன்னதுக்காகத் தலையாட்டாதீங்க. உங்களுக்குப் புடிச்சிருக்கா?”

“முதல்ல நட்ட இறுக்குங்க,” என்றாள் கமலா.

இறுக்கினான். கடைசி நட்டும் இறுகியது.

அவள் பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து பெரியவர்கள் வந்துவிட்டார்கள். முனியாண்டி தோற்றிருந்தார். தோற்கவில்லை, விட்டுக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பேச்சுக்கு மேல் பேச்சு வேண்டாம், புதுசு முன்னாலேயே இருக்கட்டும் என்றார். மரியாதைக்காக ஒரு மனிதர் மருமகனாக வரப்போகிறவனைப் பள்ளத்துக்கு அனுப்பத் தயாராகிவிட்டார். பெரியப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டார். நான் மறுபடி கல்லைத் தேடினேன்.

கமலா குடையை அசைக்காமல் நின்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“புதுசு பின்னாடியே இருக்கட்டும் மாமா. அத்தைக்கு வளைவுன்னா பயமாமே. நானும் அத்தையும் பின் சீட்டுலதானே உக்காந்து வரணும்.”

மாமா என்று கூப்பிடப்பட்ட பெரியப்பா முதலில் விழித்தார், பிறகு வாயெல்லாம் பல்லாக, “மருமக சொன்னா சரிதான்,” என்றார். செல்வராஜு தலையைக் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை இன்னொரு முறை இறுக்கினான்.

மூன்றரைக்கு இறங்கினோம். நல்ல மழை. பின்பக்கம் ஒரு வளைவிலும் தனியாகப் போகவில்லை. பெரியப்பா அடிவாரம் வரை குறட்டை விட்டார்.

தாப்பாவின் புழுக்கத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். அன்றைக்கு அவள் சம்மதத்தை யாராவது கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது, கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றாள். சரி, நான் கேட்கிறேன், சம்மதமா என்றேன்.

“இன்னைக்குத்தானே கேக்குறீங்க,” என்றாள். “யோசிச்சுச் சொல்றேன்.”

இன்னும் சொல்லவில்லை.