ஃபாரூக் பிடித்த மீன்

நேற்று இரவு ஃபாரூக்கும் பிரபுவும் நானும் எங்கள் ஊரான ரவுண்ட் ராக்கிலிருந்து கிளம்பி ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போனோம். மார்ச் மாதம் மனைவி ஆயிஷா இறந்துபோன பிறகு ஃபாரூக் எங்களோடு வந்தது இதுதான் முதல் தடவை.

நள்ளிரவு ஒரு மணிக்கு அவன் தூண்டில் ராட் வளைந்தது. இருபது நிமிடம் போராடிக் கரைக்கு இழுத்துவிட்டான்.

ஃப்ளாட்ஹெட் கெளுத்தி. தட்டைத் தலை, என் இடுப்பளவு நீளம். நான்கு வருடமாக அவன் ஆசைப்பட்ட மீன்.

"மச்சான், என் போன்ல சீக்கிரம் ஒரு போட்டோ எடுடா, தண்ணியில விடணும்!"

எத்தனையோ மாதம் கழித்து அவன் சிரித்தான்.

மீனை விட்டதும் ஈரக் கையைச் சட்டையில் துடைத்து, போனை வாங்கிப் படத்தை யாருக்கோ அனுப்பினான். பிறகு அப்படியே நின்றுவிட்டான்.

"யாருக்குடா அனுப்புன?" என்றான் பிரபு.

"ஆயிஷாவுக்கு."

பிரபு தன் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்தான்.

"கை தானா போயிடுச்சுடா. எந்த மீன் பிடிச்சாலும் அவளுக்குத்தான் ஃபர்ஸ்ட் அனுப்புவேன். 'பாவம், அதை விட்டுட்டு வாங்க'ன்னு உடனே ரிப்ளை வரும். நான் வர்ற வரைக்கும் தூங்கவே மாட்டா."

பிரபு அவனை ஐஸ் பெட்டிமேல் உட்காரவைத்தான். அவன் அழுது முடிக்கும்வரை நாங்களும் பக்கத்திலேயே இருந்தோம்.

அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இந்தப் படத்தை இங்கே பதிவிடுகிறேன். பார்த்துவிட்டு யாராவது இரண்டு வார்த்தை சொல்லுங்கள். பெரிய மீன் என்று நாங்கள் இருவரும் காலையிலிருந்து சொல்கிறோம். எங்கள் பேச்சு அவனுக்குப் போதவில்லை.