சிரிக்கவைத்து முடி வெட்டியவர்

அந்த சலூனில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முடி வெட்டுபவர் நிற்கும் நாற்காலிதான் அவர் பெயர். "மூணாவது சேர் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருபவர்கள் தேடுவது, சுவரோரம் நிற்கும் நாற்பதை நெருங்கிய ஒல்லி மனிதரை. முதல் நாற்காலியும் இரண்டாவது நாற்காலியும் காலியாக இருந்தால்கூட பெஞ்சில் உட்கார்ந்து அவருக்காகவே காத்திருப்பார்கள். காரணம் அவருடைய வெட்டு அல்ல, அவருடைய மகள்.

"குட்டி புதுசா என்ன சொன்னா?" கழுத்தில் துணியைக் கட்டும்போதே கேள்வி வந்துவிடும்.

அவர் முகத்தை ஒன்றும் தெரியாதவர்போல் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். "நேத்து பஸ்ல முன் சீட்ல ஒரு மொட்டைத் தலைக்காரர். இவ எழுந்து நின்னு ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி, 'அம்மா, இந்த மாமாவுக்கு முகம் பின்னாடி வரைக்கும் இருக்கு'ங்கறா."

நாற்காலியில் இருப்பவர் குலுங்குவார். பெஞ்சும் குலுங்கும். அந்தக் குலுக்கலுக்குள் கத்தரிக்கோல் புகுந்து வேலையை முடித்துவிட்டு வெளியே வந்துவிடும்.

விஷயம் அதுதான். அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் கட்டைவிரலில் மட்டும் இருந்தது. பிறகு மணிக்கட்டுக்கு ஏறியது. டாக்டர் கையை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு கோடு போடச் சொன்னார். "முழுசாப் போகாது. மாத்திரை போட்டா மெதுவா வளரும்" என்றார். வியாதி வளர்வதைப் பற்றி அவ்வளவு ஆறுதலாக ஒருவர் பேச முடியும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

கடையில் சொல்லவில்லை. பதினேழு வயதில் தரை கூட்ட வந்து, துண்டு துவைத்து, தாடி மழித்துப் பழகி, கடைசியில் கைக்கு வந்த நாற்காலி. நடுங்கும் கையிடம் யார் தலையைக் கொடுப்பார்கள்? ஷேவிங் வந்தால் இரண்டாவது சேரிடம் தள்ளிவிட்டு, பதிலுக்கு அவனுடைய முடிவெட்டுகளை வாங்கிக்கொண்டார். மெஷின் பிடித்தால் அதுவே அதிர்வதால் கையின் ஆட்டம் தெரியாது. கத்தரிக்கோல்தான் காட்டிக்கொடுக்கும். ஒருநாள் தற்செயலாக மகள் சொன்னதைச் சொன்னார். ஆள் சிரித்தார். தலை ஆடும்போது கை ஆடுவது கண்ணாடியில் தெரியவில்லை. அன்றிலிருந்து அது தொழில் ரகசியம் ஆகிவிட்டது.

ஒருமுறை பேங்க்காரர் ஒருவருக்குக் காது மடலில் கீறல் விழுந்தது. "பக்கத்து வீட்ல இவளைத் திட்டிட்டாங்க. ஒரே அழுகை. நடுவுல நிறுத்திட்டு, 'கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சிட்டு வந்து அழறேன்'னா" என்று சொன்ன நேரம். பேங்க்காரர் காதைப் பிடித்துக்கொண்டே, "தப்பு என்மேலதாம்பா. நான்தான் ஆட்டிட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டார். மூணாவது சேர் பெருந்தன்மையாக, "பரவாயில்ல சார்" என்றார்.

ஆனால் கடைக்குத் தினமும் புதுச் சரக்கு வேண்டும். பகலில் மனைவி தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே போனில் குரல் பதிவு அனுப்புவாள். மாலையில் அவரே நேரில் சேகரிப்பார். மகள் ஏதாவது சொன்னால் அவர் சிரிப்பதில்லை. "திருப்பிச் சொல்லு" என்பார். மனப்பாடம் ஆகும்வரை சொல்லச் சொல்வார். அவள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவருடைய உதடுகள் அவளுடைய வார்த்தைகளை ஓசையில்லாமல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்.

"அவ பேச்சை வித்து எத்தனை நாளைக்குங்க ஓட்டுவீங்க?" என்றாள் மனைவி. "முதலாளிகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா சேர் போயிடும்."

"யார் காதாவது போறதுக்கு முன்னாடி சேர் போனாப் பரவாயில்ல."

குட்டிக்கு ஐந்து முடிந்தது. பள்ளிக்கூடம் சேர்ந்தாள். வந்தது வினை. "நிலா ஏம்மா நம்ம கூடவே வருது?" என்று அவரே தூண்டில் போட்டுப் பார்த்தார். "அது ரொம்ப தூரமா இருக்குப்பா, அதான் அப்படித் தெரியுது. மிஸ் சொன்னாங்க" என்றாள். ஊரில் எந்த அப்பாவுக்கும் வயிறு குளிர்ந்திருக்கும். இவருக்கு முகம் வாடியது.

அதைப் பார்த்துவிட்டு அவள், "இது கடைக்கு ஆகாதாப்பா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு அவள் கட்டிக்கட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். யானைக்கு ஜட்டி போட்டேன், நாய்க்குப் பல் தேய்த்தேன் என்று எதையாவது. சொல்லிவிட்டு அப்பா முகத்தைப் பார்ப்பாள். அவர் ஆகாது என்று மெதுவாகத் தலையை ஆட்டுவார். பரீட்சையில் தோற்றவள்போல் போய்ப் பாயில் குப்புறப் படுத்துக்கொள்வாள். அவர் பழைய கதைகளையே வேறு ஆளிடம் மாற்றி மாற்றிச் சொல்லிச் சமாளித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னொருவருக்குப் பின்கழுத்தில் ரத்தம் வந்தது. அவரும் சிரித்தவர்தான், அவரும் தன்னையே நொந்துகொண்டார். ஆனால் கல்லாவில் இருந்த முதலாளி செய்தித்தாளை மடித்து வைத்தார். "இனிமே கடையில கதை கிடையாது. வாயை மூடிட்டு வெட்டு. கஸ்டமர் சிரிக்கறதாலதான் இதெல்லாம்."

காரணத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். திருத்துவதற்கு மூணாவது சேரால் முடியவில்லை.

பேச்சில்லாத அந்த வாரம் அவர் மெஷினைத் தவிர வேறெதையும் தொடவில்லை. எல்லாத் தலையும் ஒட்ட வெட்டியே போயின. "என்னப்பா, ஜெயிலுக்கு அனுப்பற மாதிரி வெட்டிட்டே" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். அதற்கு அடுத்த ஞாயிறு, குட்டியின் முன்முடி கண்ணில் விழுகிறது என்று பள்ளியில் சொல்லிவிட்டதால், மனைவி அவளைக் கடைக்குக் கூட்டி வந்தாள். வீட்டிலேயே வெட்டுகிறேன் என்று அவர் சொன்னதற்கு அவள், "அங்கேன்னா முதலாளி முன்னாடி பாத்து வெட்டுவீங்க" என்றாள். எதற்காக அப்படிச் சொன்னாள் என்று அவருக்குப் புரியாமல் இல்லை.

கடை நிறைந்திருந்தது. நாற்காலியின் கைப்பிடிகளில் பலகையைப் போட்டு அவளை ஏற்றி உட்கார வைத்தார். பெஞ்சு முழுக்க அவளைத்தான் பார்த்தது. இத்தனை நாள் கேள்விப்பட்ட ஆள் நேரில் வந்திருக்கிறாளே.

பேங்க்காரர் முன்னால் சாய்ந்தார். "குட்டிம்மா, அப்பாவைத்தான் பேசக்கூடாதுன்னுட்டாங்க. நீ பேசலாம்ல? ஒண்ணு சொல்லு பாப்போம்."

அவள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். "இப்ப சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா எல்லாரும் சிரிப்பீங்க. எனக்கும் சிரிப்பு வரும். அப்பா கை ஆடும்போது என் தலையும் ஆடினா காது போயிடும்ல. நான் கெட்டியா உக்காந்துக்கறேன். அப்பத்தான் அப்பா வெட்ட முடியும்."

கடை அதிர்ந்தது. பேங்க்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இரண்டாவது சேர் சோப்பு நுரையோடு சுவரில் சாய்ந்துவிட்டான். இத்தனை நாள் கேட்டதிலேயே இதுதான் பிரமாதம் என்றார் யாரோ.

மூணாவது சேரைத் தவிர சிரிக்காதவர்கள் மூன்று பேர். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, சிலை மாதிரி இருந்தாள். அவளுடைய அம்மா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து மூன்றாவது நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"வெட்டு" என்றார்.

கத்தரிக்கோல் அவளுடைய நெற்றிக்கு எதிரே போயிற்று. தலை ஓர் இம்மிகூட அசையவில்லை. கத்தரிக்கோலின் நுனி மட்டும் ஆடியது. சிரிப்பு பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அணைந்துகொண்டே வந்தது. பேங்க்காரரின் கை தானாகக் காது மடலுக்குப் போனது.

முதலாளி கத்தரிக்கோலை வாங்கி, முன்முடியை அவரே நேராக்கினார். பிறகு துண்டு காயப்போடும் பின்னறைக்குக் கூப்பிட்டார்.

"எப்ப இருந்து?"

"போன வருஷத்துலேர்ந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சேர் போயிடுமேன்னு…"

"இப்ப மட்டும் என்ன?" முதலாளி ஈரத் துண்டு ஒன்றைக் காரணமில்லாமல் மடித்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் அதிகமாக வலித்தது. "நாளையிலேர்ந்து தலை கழுவி விடற வேலையைப் பாரு. துண்டையும் நீயே பாத்துக்கோ. சேருக்கு வேற ஆள் பாக்கறேன்."

சேரை விட்டு இறங்கி, பதினேழு வயதில் தொடங்கிய இடத்துக்கே திரும்பப் போகிறார். அவர் தலையசைத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி இரண்டடி முன்னால் போனாள். மகள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு, குட்டையாகிவிட்ட முன்முடியை ஊதிப் பார்த்தபடி வந்தாள்.

"அப்பா, எல்லாரும் சிரிச்சாங்கல்ல? நல்லா இருந்துச்சுல்ல?"

"நல்லா இருந்துச்சுடா."

"நாளைக்கு வேற யோசிக்கட்டா?"

"கடைக்கு இனிமே வேண்டாம்டா. தோணுச்சுன்னா வீட்ல சொல்லு, போதும்."

அவள் நின்று அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"வீட்ல நீ சிரிக்கவே மாட்டியேப்பா."

முன்னால் போய்க்கொண்டிருந்த மனைவியும் நின்றுவிட்டாள். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.